சரக்கு இருந்தால் போதுமா?

சென்ற மாதம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் பேசவேண்டிய கட்டாயப் பொழிவு. ஒதுக்கிய நேரம் 25 நிமிடம். ஓடிய நேரம் 40. மொத்தம் 52 ஸ்லைடுகள். முதல் எட்டு ஸ்லைடுகளில், தண்ணீர் இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்பதை ஐயந்திரிபற நிறுவினார். அடுத்த பன்னிரண்டில் அவருக்கு முன்னால் இதே துறையில் உழைத்தவர்களின் பெயரும் ஆண்டும். அப்புறம் மாவட்ட வரைபடம், மழையளவு, மண் வகை, எறும்பு ஊர்ந்த மாதிரி எண்கள் அப்பிய அட்டவணைகள். கடைசியில் ரோஜாப்பூ போட்ட 'நன்றி'. கேள்வி உண்டா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "சரக்கு இருக்குப்பா. பேச்சு போகப்போக வந்துடும்" என்று வாழ்த்தினார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பேராசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது நம் ஆய்வுலகம் முழுக்க நம்புவது. அந்த நம்பிக்கையை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். ஓர் ஆய்வின் மதிப்பு தரவிலும் முறையிலும் முடிவிலும் இருக்கிறது. பேச்சு அதைச் சுற்றிய காகிதம். காகிதம் கசங்கியதால் பண்டம் கெட்டுவிடாது. அதிலும் தமிழ்நாடு மேடைப்பேச்சில் மயங்கி அடிபட்ட நாடு. அடுக்குமொழிக்குக் கைதட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் 'ஆமாம், என்னதான் சொன்னார்?' என்று யோசித்த அனுபவம் நமக்கு நிறைய உண்டு. ஆகவே சரளமாகப் பேசும் ஆய்வாளரைக் கொஞ்சம் சந்தேகப்படுவதில் தவறில்லை. ஆழமான விஷயத்தை எளிதாகச் சொல்லப்போனால் ஆழம் போய்விடும். பேச்சு சிலருக்கு வாய்த்த வரம். வாய்க்காததற்காக ஒரு நல்ல ஆய்வாளரைத் தண்டிக்கக் கூடாது. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?

இந்த வாதத்தில் நேர்மை இருக்கிறது, கருணையும் இருக்கிறது. இருந்தும் தவறு.

1. சரக்கு இருப்பது எப்படித் தெரிந்தது?

அந்த அறையில் 30 பேர் இருந்தோம். யாருக்காவது புரிந்திருந்தால் ஒரு கேள்வியாவது வந்திருக்கும். புரியாத ஒன்றுக்குள் சரக்கு இருக்கிறது என்று எதை வைத்து முடிவு கட்டினோம்? ஸ்லைடுகளின் எண்ணிக்கையை வைத்து, எழுத்தின் பொடிசை வைத்து, மாணவரின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தை வைத்து. இதற்கு அனுதாபம் என்று பெயர். மதிப்பீடு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

'எல்லாம் ஆய்வேட்டில் இருக்கிறது, படித்தால் தெரியும்' என்பார்கள். சரி, அப்படியானால் எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள்? 30 பேர், தலைக்கு 40 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 20 மணி நேரம். யாரோ ஒருவருடைய இரண்டரை நாள் வேலையை அங்கே செலவழித்திருக்கிறோம். ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

உண்மை தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினும் வாலஸும் எழுதியவை சேர்த்து வாசிக்கப்பட்டன. உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் உருவாகின்றன என்ற கருத்து பொது அவைக்கு முதன்முதலாக வந்த நாள் அது. இருவருமே அங்கே இல்லை. டார்வின் வீட்டில் குழந்தை இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வாலஸ் மலாய்த் தீவுகளில் இருந்தார். சங்கத்தின் செயலாளர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். சலசலப்பே இல்லை. மறு ஆண்டு மே மாதம் சங்கத் தலைவர் தாமஸ் பெல், கடந்த ஆண்டில் துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்ற பொருளில் அறிக்கை படித்தார். அதே கருத்து 1859 நவம்பரில், புறாக்களில் தொடங்கிப் படிப்படியாக வாசகரைக் கைபிடித்து நடத்திப்போகும் நூலாக வந்தது; உலகம் திரும்பிப் பார்த்தது. நூலில் சான்றுகள் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் சரக்கு அதே சரக்கு. லின்னேயன் சங்கத்தில் அது அவையின் காதுக்குள் போகவே இல்லை.

இதற்கு மறுப்பாக மெண்டலை உதாரணம் காட்டுவார்கள். 1865 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் புரூன் நகர இயற்கை ஆய்வுச் சங்கத்தில் பட்டாணிச் செடிகளைப் பற்றி இரண்டு முறை பேசினார். 1900-இல் மூன்று பேர் தனித்தனியாக அவரைக் கண்டெடுத்தார்கள். 'பார்த்தீர்களா, உண்மை ஜெயித்துவிட்டது!' ஜெயித்தது, 35 ஆண்டு கழித்து. மெண்டல் 1884-லேயே இறந்துவிட்டார். பழியை அவர் பேச்சின் மேல் மட்டும் போடமாட்டேன். காலமும் தயாராக இல்லை. நான் கேட்பது வேறு. ஐந்தாண்டு உதவித்தொகையில் ஆய்வு செய்யும் நம் மாணவருக்கு 35 ஆண்டு பொறுத்திருக்கச் சொல்வது எந்த வகைக் கருணை?

2. "உழைப்பெல்லாம் தெரிய வேண்டாமா?"

வேண்டாம். ஒரு துளியும் தெரிய வேண்டாம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு அவமானப்பட்டு வந்தது. என் முதல் கருத்தரங்கில் 15 நிமிடத்துக்கு 47 ஸ்லைடு கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமோ ஒரு மாதமோ உழைத்திருந்தேன். எதை விட மனசு வரும்? 19-ஆவது ஸ்லைடில் அமர்வுத் தலைவர் மணி அடித்தார். முடிவு 44-ஆவதில் இருந்தது. மீதியை, ஓடும் ரயில் ஜன்னலில் ஊர்கள் போவதுபோல் தள்ளித் தள்ளிக் காட்டிவிட்டு இறங்கினேன். என் உழைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. நான் கண்டது ஒருவருக்கும் தெரியவில்லை.

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல். 15 நிமிடத்துக்கு 1,500 சொல். ஒரு பத்திரிகைக் கட்டுரைகூடத் தேறாது. 250 பக்க ஆய்வேட்டை இதற்குள் அடைக்க நினைப்பது, கல்யாணச் சாப்பாட்டை டப்பாவில் திணிக்கிற வேலை. எல்லாம் கலந்து, எதுவும் எதுவாகவும் இருக்காது.

1900 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய கணித மாநாட்டில் டேவிட் ஹில்பெர்ட் அடுத்த நூற்றாண்டுக்கான கணக்குகளை முன்வைத்தார். உலகத்துக்குத் தெரிந்தது 23 கணக்குகள். மேடையில் அவர் பேசியது பத்தைப் பற்றி மட்டும். மீதி 13 அச்சில் வந்தன. அந்த உரையை முன்கூட்டியே கணித நண்பர்கள் மின்கோவ்ஸ்கிக்கும் ஹுர்விட்ஸுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஹில்பெர்ட்டுக்கே 13-ஐ விட மனம் வந்தது. நமக்கு மழையளவு அட்டவணையை விட மனம் வரவில்லை.

இன்னொரு கதை, கணிதக்காரர்கள் விரும்பிச் சொல்வது. கணித வரலாறு எழுதிய ஈ. டி. பெல் எழுதிவைத்தது, இந்தப் பெல் கொஞ்சம் மெருகேற்றக்கூடியவர், அதையும் சொல்லிவிடுகிறேன். 1903 அக்டோபர், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். 2-ஐ 67 முறை பெருக்கி வரும் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தார். 21 இலக்கம் வந்தது. பலகையின் மறுபுறம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதிப் பெருக்கினார். அதே 21 இலக்கம். அந்த எண் பகா எண் அல்ல என்பது ஏற்கெனவே தெரியும். அதன் காரணிகள் என்ன என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு சொல்கூடப் பேசாமல் போய் உட்கார்ந்தார். அவை எழுந்து கைதட்டியது.

எதிர்த்தரப்பு இதை எடுத்துக்கொண்டு ஓடிவரும்: பேசாமலே ஜெயித்தாரே, சரக்குதானே பேசியது! நிதானமாகப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னால் கேட்டபோது சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைக்கூடப் பலகையில் எழுதவில்லை. முந்தைய ஆய்வுகள் இல்லை, முறையியல் இல்லை, தோற்ற முயற்சிகள் இல்லை. அவையில் இருந்த ஒவ்வொருவரும் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு பெருக்கல். இதைவிடக் கறாராகத் தயாரித்த பேச்சு எனக்குத் தெரியாது.

நம் மாணவருக்கு வருகிறேன். பொழிவு முடிந்து வெளியே டீக்கடையில் நின்றோம். "என்னதான் தம்பி கண்டுபிடிச்சீங்க?" என்றேன். சொன்னார்: "சார், ஊர்ல ரெண்டு கிணறு. நடுவுல ஒரு தோப்புதான். ஒண்ணுல நைட்ரேட் லிட்டருக்கு 30 மில்லிகிராம், குடிக்கலாம். இன்னொண்ணுல 90. இந்தியத் தர அளவு 45 தானே. வயல்ல போடற யூரியான்னு ஊரே சொல்லுது, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். நைட்ரஜன் ஐசோடோப்பைப் பார்த்தா உரத்தோட சாயல் இல்ல. கழிவோட சாயல் இருக்கு. அடியில பூசாத கக்கூஸ் குழி சார். உரத்தைக் குறைச்சு என்ன பிரயோஜனம்?"

டீ ஆறவில்லை, இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்க ஊருக் கெணறையும் பாக்கணுமே" என்றார். அவர் கேட்டதுதான் அன்று அந்த ஆய்வைப் பற்றி வந்த முதல் கேள்வி. இந்த முடிவு பொழிவில் இல்லையா? இருந்தது. 38-ஆவது ஸ்லைடில், அட்டவணையின் கடைசி நிரலில்.

பேச்சை எங்கே தொடங்க வேண்டும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிணறு, 30, 90, ஏன்? முதல் நிமிடத்திலேயே அவை அந்த 'ஏன்' என்ற முள்ளில் மாட்டிக்கொள்ளும். ஊர் நம்புவது என்ன, அதை எப்படிச் சோதித்தேன், என்ன கிடைத்தது, இதனால் நாளை காலை யார் எதை மாற்ற வேண்டும். மழையளவும் மண் வகையும் கேள்வி வந்தால் எடுத்துக் காட்டப் பின்னால் இருக்கட்டும். அவருக்கு முன்னால் உழைத்தவர்களில் இரண்டு பேர் போதும்: உரம்தான் காரணம் என்றவர் ஒருவர், ஐசோடோப்பால் பிரித்துக் காட்டும் வழியைத் தந்தவர் ஒருவர்.

நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பட்டியலே போட்டிருக்கிறது. மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் மூன்றும் அதில் உண்டு. அன்றைய 40 நிமிடத்தில் மூன்றுமே நடந்தன. பொழிவு தமிழ்த்துறையில் நடந்திருந்தாலும் இவை நடந்திருக்கும். திருக்குறள் சொல்லித் தொடங்காத கருத்தரங்கம் இங்கே இல்லை. அவை அறிதல் என்று ஓர் அதிகாரம் இருப்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

குற்றம் முழுக்கப் பேசுகிறவர் மேலும் இல்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்பு விருந்தினரின் இளமைக்கால நினைவுகள் எல்லாம் முடிந்தபின், 'நேரமின்மை காரணமாக' 15 நிமிடம் ஏழாகிவிடும். தெரிந்ததுதானே? ஏழு நிமிட வடிவத்தையும் கையில் வைத்திருங்கள். இரண்டு கிணறு ஏழு நிமிடத்துக்குள் தாராளமாக அடங்கும்.

3. எளிமையாகச் சொன்னால் ஆழம் போய்விடுமா?

1854 ஜூன் 10. கோட்டிங்கன் பல்கலைக்கழகம். பெர்ன்ஹார்ட் ரீமான், வயது 27, ஆசிரியர் தகுதிக்கான உரையை நிகழ்த்தினார். மூன்று தலைப்பு கொடுத்திருந்தார். வழக்கமாக முதலாவதைத்தான் எடுப்பார்கள். கணித மேதை காவுஸ் மூன்றாவதை எடுத்துவிட்டார்: வடிவியலின் அடிப்படையில் கிடக்கும் கருதுகோள்கள். கேட்க வந்தவர்களில் பலர் கணிதம் அறியாத பேராசிரியர்கள். ஆகவே அந்த உரையில் சூத்திரம் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. 60 ஆண்டு கழித்து ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் நின்றது அங்கே போட்ட அடித்தளத்தின் மேல். சூத்திரங்களை வெளியே வைத்ததால் எந்த ஆழம் குறைந்தது? 77 வயதுக் காவுஸ், யாரையும் லேசில் பாராட்டாதவர், வியந்துபோய் வெளியே வந்தார்.

சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28-இல் கண்டதை, மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் உரையாக வைத்தார். தலைப்பு: 'ஒரு புதிய கதிர்வீச்சு'. மூன்றே சொல். இன்று அதே உரைக்கு நம் துறைகளில் எப்படித் தலைப்பு வைப்பார்கள் என்று நினைத்துப்பாருங்கள். 'திரவங்களில் ஒளிச்சிதறல் மாற்றங்கள் குறித்த ஒரு பகுப்பாய்வு – கல்கத்தா மாநகரைச் சிறப்பாகக் கொண்டு.'

எளிமைக்கு எதிரான வாதத்தின் அடியில் ஒரு பயம் இருக்கிறது என்பது என் ஐயம். புரிந்துவிட்டால் கேள்வி வரும். புரியாமை நல்ல கவசம். 52 ஸ்லைடு போட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள் என்பது மாணவருக்கும் தெரியும், நெறியாளருக்கும் தெரியும். கேள்வியில்லாமல் முடிந்த பொழிவை 'நல்லபடியா முடிஞ்சுது' என்கிறோம். கேள்வி வராததை வெற்றி என்று எண்ணும் ஓர் அவைக்கு ஆய்வு எதற்கு?

போதாததற்குச் சான்றிதழ் வேறு. முனைவர் பட்ட மாணவர் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரையாவது வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறை கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லது. வந்த விளைவு, ஒரே நாளில் இருநூறு கட்டுரை, நான்கு அறை, ஆளுக்கு ஐந்து நிமிடம், மாலையில் வரிசையில் நின்று சான்றிதழ். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. 'கட்டுரை வாசித்தேன்' என்று நாம் சொல்கிற சொல்லிலேயே நோய் இருக்கிறது: வாசித்தார்கள், யாரும் கேட்கவில்லை.

4. ஸ்லைடில் போட்டுவிட்டால் சொல்லியாயிற்றா?

இதுதான் இந்த நம்பிக்கையின் மிக ஆபத்தான முனை. கல்பனா சாவ்லா இறந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதற்குச் சில நாள் முன்பு காட்டப்பட்ட ஒரு ஸ்லைடைப் பற்றிச் சிலருக்குத்தான் தெரியும்.

கொலம்பியா விண்ணோடம் 2003 ஜனவரி 16 அன்று கிளம்பியது. கிளம்பிய 82-ஆவது வினாடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டு நாசா அதிகாரிகளிடம் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கவலைக்கு இடமில்லை என்ற தொனியில் இருந்தது. கீழே புள்ளிகள், அவற்றுக்குள் சிறு புள்ளிகள், அவற்றுக்குள் இன்னும் சிறு கோடுகள். ஆகக் கடைசி வரியில், சிறிய எழுத்தில், அந்த எண்: பெயர்ந்த துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம்; சோதனையில் பயன்படுத்தியது 3. அறுநூற்று நாற்பது மடங்கு. 'நம் சோதனை இந்த நிலைமைக்குச் செல்லாது' என்பதுதான் அந்த வரியின் பொருள். தலைப்பில் இருந்திருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட விண்ணோடத்தில் இருந்த ஏழு பேரும் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து வைத்துப் பேசியது. உயிர்போகும் விஷயம் இதில் இருக்கிறது என்பதை ஒரு மேலதிகாரி உணராமல் போவது எளிது என்றது. ஸ்லைடு நன்றாக இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே தவறுகள் பல, நிறுவனத்தின் போக்கே தவறு. ஆனால் சரக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள். சரியான எண், சரியான பொறியாளர்கள் கையில், சரியான அறைக்கு வந்து சேர்ந்தும் இருந்தது. சொல்லப்படவில்லை.

38-ஆவது ஸ்லைடு கடைசி நிரலும் அந்தக் கடைசி வரியும் ஒரே ஜாதி. ஸ்லைடைத் திரையில் போட்டு, அவைக்கு முதுகைக் காட்டி வரிவரியாக வாசிப்பவருக்கு ஒரு சின்ன விஷயம்: நாங்கள் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டோம்.

5. பேச்சு வரமாம்

மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன். புத்தகம் தைக்கும் கடையில் தொழில் பழகியவர். சிறு வயதில் 'ர' சரியாக வராது. 1813-இல், 21 வயதில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்குத் தொடர்ச்சியாகக் கடிதம் எழுதினார். பேச்சாளர் எங்கே நிற்க வேண்டும், அறையில் காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு நேரம் பேசலாம், அவையின் கவனம் எப்போது நழுவுகிறது. அறிவியலில் அவர் இன்னும் எதையுமே கண்டுபிடிக்கவில்லை, பேசுவதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்டார். புகழின் உச்சியில் இருந்தபோதும், வேகம் கூடினால் உதவியாளர் அவர் முன்னால் ஓர் அட்டையை வைப்பார்: 'மெதுவாக'. நேரம் நெருங்கினால் இன்னொன்று: 'நேரம்'. லண்டன் வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்ட பேச்சாளருக்கு அட்டை தேவைப்பட்டது. நமக்குப் 'போகப்போக வந்துடும்'.

பாட்டுக்காரர் சாதகம் பண்ணுவதால் பாட்டு பொய்யாகிவிட்டது என்று மார்கழிச் சபையில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். ஆய்வாளர் ஒத்திகை பார்த்தால் மட்டும் நடிப்பா?

ஆங்கிலம் ஒரு தடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது உண்மையான குறை, இதில் நான் மாணவர் பக்கம். டீக்கடையில் தெளிவாகப் பேசிய அதே வாய், அரை மணிக்கு முன்னால் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே தடுமாறியதைக் கண்ணால் பார்த்தேன். மருந்தும் அந்த டீக்கடையில்தான் இருக்கிறது. முதலில் தமிழில், துறை தெரியாத ஒருவரிடம், ஸ்லைடு இல்லாமல் சொல்லிப் பாருங்கள். அது நின்றபிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சொற்கள் குறையும், இலக்கணம் இடறும். இரண்டு கிணறு நடுவில் தோப்பு என்பது எந்த மொழியிலும் தொலையாது.

6. "பேசத் தெரிந்தவன் பொய்யையும் விற்பானே"

விற்பான். எதிர்த்தரப்பின் மிகக் கனமான வாதம் இது. இதற்குச் சான்று தேடி அவர்கள் தூரம் போக வேண்டாம், நானே தருகிறேன்.

1935 ஜனவரி 11, லண்டன், ராயல் வானியல் சங்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், வயது 24, விண்மீனின் நிறை ஓர் எல்லையைத் தாண்டினால் அது வெள்ளைக் குள்ளனாக ஓய முடியாது என்று விளக்கினார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன், அந்நாளின் மிகப் பெரிய வானியலாளர், பேச்சில் மன்னர். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்று கிண்டலடித்தார். அவை சிரித்தது. பதில் சொல்ல அன்று சந்திரசேகருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல்.

சந்திரசேகர் தயாரிக்காமல் போகவில்லை. நன்றாகவே பேசினார், தோற்றார். நல்ல பேச்சு வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து 'ஆகவே பேசப் பழகாதே' என்ற முடிவு எப்படி வரும்? திருடன் பூட்டைத் திறக்கக் கற்றிருக்கிறான் என்பதற்காக வீட்டுக்காரன் பூட்டை மறப்பானா? எடிங்டனின் கிண்டல் எடுபட்டதற்குக் காரணம், அவையில் பெரும்பாலோர் வாதத்தைத் தாங்களே எடைபோடாமல் பேசுகிறவரின் பெயரை எடைபோட்டது. புரியாமல் உட்கார்ந்து தலையாட்டிப் பழகிய அவை, பெரியவர் சிரித்தால் தானும் சிரிக்கும். அப்படிப்பட்ட அவைகளை நாம் வாராவாரம் உற்பத்தி செய்கிறோம். 'சரக்கு இருக்குப்பா' என்று வாழ்த்தி அனுப்புகிறோம். பொய்யை விற்கும் வாய்க்கு, தன் வாதத்தைப் பின்தொடர முடிகிற அவைதான் எமன். அந்த அவை, ஒருவர் தெளிவாகச் சொல்ல, கேட்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்க, அப்படித்தான் உருவாகும்.

மேடைப்பேச்சில் ஏமாந்த நாடு என்றேனே, அந்தப் பயத்துக்கும் இதுவே பதில். நான் கேட்பது அடுக்குமொழியை அல்ல. ஒரே வாக்கியம். 'நான் கண்டது இது' என்று பயனிலையோடு முடிகிற ஒரு வாக்கியம். அது வாயில் வரவில்லையென்றால் பேச்சு வரவில்லை என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஆய்வு இன்னும் முடியவில்லை. என் 47 ஸ்லைடு காலத்தில் எனக்கு அந்த வாக்கியம் இல்லை. 44-ஆவது ஸ்லைடை எட்டியிருந்தாலும் இருந்திருக்காது. அதைத் தேடப்போய்த்தான், இரண்டு அத்தியாயம் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு திருத்தினேன்.

அமர்வுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரமானதும் மணி அடியுங்கள், மாணவர் என்று பாவம் பார்க்காதீர்கள். 'யாருக்காவது கேள்வி உண்டா' என்று கூரையைப் பார்த்துக் கேட்பதற்குப் பதிலாக, முன்வரிசையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, 'இவர் என்ன கண்டார், சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இரண்டு தடவை கேட்டால் போதும், மூன்றாவது கருத்தரங்கில் ஸ்லைடுகள் தாமாகக் குறையும்.

நம் மாணவருக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. ஒத்திகை வரும் சனிக்கிழமை மாலை, என் வீட்டு மொட்டைமாடியில். ஒன்பது ஸ்லைடு. கேட்பதற்குக் கீழ்வீட்டு அம்மாவும், பத்தாவது படிக்கும் அவர் பையனும், டீக்கடைக்காரரும் வருகிறார்கள். 'மெதுவாக', 'நேரம்' என்று அட்டைகள் இரண்டையும் எழுதி வைத்துவிட்டேன்.